உன் கட்டெறும்புகள் நலம்

முருகேசா,

நேற்று மதியம் பைகுல்லாவில் லோக்கல் ஏறி, சயானில் இறங்குவதற்குள் உன் அப்பாவின் மானம் கம்பார்ட்மெண்ட் முழுக்க ஓடிவிட்டது. ஆறு காலில் ஓடியது. நடந்ததைச் சொல்கிறேன். சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி வைத்திருந்தேன். பக்கத்தில் நின்றவன் வாயில் பீடியைச் செருகிக்கொண்டு "மாச்சிஸ் ஹை க்யா, பாயி?" என்றான். நான் வேறு ஏதோ நினைப்பில் இருந்தேன், கை தானாக எடுத்து நீட்டிவிட்டது. அவன் திறந்தான். உள்ளே குச்சி இல்லை, கரப்பான் இருந்தது. மரக்கிடங்கில் தேக்குப் பலகை அடுக்குக்குப் பின்னால் அரை மணி நேரம் குப்புறப் படுத்து நான் பிடித்த கரப்பான். அவன் அலறிக் கையை உதற, அது எதிரே இருந்த ஒரு பெரியவரின் வேட்டி மேல் விழுந்து மேலே ஏற ஆரம்பித்தது. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக "மாரோ மத், மாரோ மத்", அடிக்காதே அடிக்காதே என்று கத்திக்கொண்டு அவர் மடியில் பாய்ந்தேன். ஏன், உன் சொந்தக்காரனா என்று இந்தியில் ஒருத்தன் கேட்க, வண்டியே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர் நம் சங்கத்து நமசிவாயம் அண்ணாச்சி.

"என்னவே இது, தீப்பெட்டிக்குள்ள?"

"எறும்புக்கு, அண்ணாச்சி."

"எறும்புக்கா? ஏன், வாசல்ல அரிசிமாவுக் கோலம் போட்டா திங்காதோ?"

"இது வேற எறும்பு அண்ணாச்சி" என்றேன். சைவக் குடும்பத்துப் பிள்ளை, ஐம்பத்தி நாலு வயது, எட்டாம் வகுப்பு வரை படித்து ஒரு மரக்கிடங்கில் ஸ்டோர் பார்க்கிறவன், நசுங்காத கரப்பானைத் தீப்பெட்டிக்குள் திரும்ப அடைத்துக்கொண்டே சொன்ன பதில் இது. அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. "வைகாசியில் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் வைத்திருக்கிறோம். நீங்களும் அம்மாவும் வந்தால் எஸ்தரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வராவிட்டால் கோபம் இல்லை, எறும்புப் பெட்டியை எடுத்துக்கொள்ள மட்டும் வருவேன், வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன்." மூன்று வரி. உனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து அழகாகிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த மூன்று வரியும் அச்சடித்த மாதிரி இருந்தது. தினமும் காகிதத்தை எடுத்து வைப்பேன், "உன் கடிதம் கிடைத்தது" என்று எழுதுவேன், எழுந்து போய் எறும்புப் பெட்டியைப் பார்ப்பேன். எனக்கு நேராக விஷயத்துக்கு வரத் தெரியாது. அதனால் எறும்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நீ நாக்பூர் வேலைக்குக் கிளம்பின நாள் நினைவிருக்கும். எஸ்தர் என்ற கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டப் போகிறேன் என்று நீ சொல்லி மூன்று நாள் நான் பேசாமல் இருந்து, நாலாம் நாள் "நீ சம்பாதிக்கிறவன், நீயே பாத்துக்க" என்று சொன்னதோடு நம் பேச்சு நின்றிருந்தது. டிரங்குப் பெட்டி கட்டிவிட்டு, இரண்டு பக்கத்துக்கு எறும்பு வளர்ப்பது எப்படி என்று எழுதி என் கையில் கொடுத்தாய். ரயில் ஆட்டத்தில் கூடு உடைந்துவிடும், தங்கப் போகும் ஹாஸ்டலில் அனுமதி இல்லை, வீடு எடுத்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாய். மாதுங்காவில் முதல் மழை அன்று விளக்குக் கம்பத்தடியில் இறக்கை உதிர்த்துக் கிடந்த ஒற்றை ராணியை மருந்துப் புட்டியில் போட்டு நீ கொண்டு வந்தபோது நான் போட்ட கூச்சலை நீ மறந்திருக்க மாட்டாய். நம் வீட்டில் வெல்லப் பானையை எறும்பு தொடாமல் இருக்கத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைப்போம். நீ எறும்பு வெளியே போகாமல் இருக்க அதன் பெட்டியை அதே தாம்பாளத்தில் வைத்தாய். உலகத்தைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுகிறான் என்று அப்போதே அம்மாவிடம் சொன்னேன்.

உன் இரண்டு பக்கத்தையும் ஒழுங்காகத்தான் படித்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நீ வார்த்த கூட்டின் மூலையில் இருக்கும் பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி மேல் ஒட்டிய சிவப்புக் காகிதத்தை அடிக்கடி தூக்கக் கூடாது, தூக்கினால் அதுகளுக்கு பயம். வெளிப்பக்கத்து பிஸ்கட் டப்பாவின் விளிம்பில் எண்ணெய் தடவ வேண்டும். வெயில் படக் கூடாது. தட்டக் கூடாது. இனிப்புத் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தரம். இதெல்லாம் சரி. ஆனால் ஒரு வரி எழுதியிருந்தாய்: "வாரம் இரண்டு முறை செத்த பூச்சி அல்லது வேகவைத்த முட்டையில் கடுகளவு. இதை விடவே கூடாது." இதை விடவே கூடாது என்பதற்கு அடியில் கோடு வேறு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வரியை மட்டும் விட்டேன். நீ காலேஜில் படித்த புத்தகம் வெள்ளைக்காரன் எழுதினது, அவன் ஊர் எறும்பு மாமிசம் தின்னும், நம் வீட்டு எறும்பு ஏன் தின்ன வேண்டும் என்று எனக்குள் ஒரு தீர்ப்பு. சர்க்கரை ரேஷன் கார்டில் அளந்து வருவதால் வெல்லத்தைக் கரைத்து மூடியில் ஊற்றினேன். பிரதோஷத்தன்று அதுகளுக்கும் ஒரு பொட்டு சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். எறும்பை சைவத்துக்கு மாற்றின முதல் ஆள் தாராவியில் நானாகத்தான் இருப்பேன்.

முதல் மாதம் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஒன்று வயிறு புடைக்கக் குடித்துவிட்டு உள்ளே போய், பசியோடு இருப்பதன் வாயோடு வாய் வைத்துக் கொடுக்கும். அது இன்னொன்றுக்குக் கொடுக்கும். நான் வைத்த ஒரு சொட்டு கூடு முழுக்கப் போய்ச் சேர்வதை சிவப்புக் காகிதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், தூக்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தும். இரண்டாம் மாதம் ராணிக்குப் பக்கத்தில் குவிந்திருந்த வெள்ளைப் புழுக்கள் குறைந்தன. பெரிய தலை எறும்பு ஒன்று ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போயிற்று. பாதுகாப்பாக வைக்கப் போகிறது என்று நினைத்தேன். அது புழுவைத் தின்றது. இன்னொன்றும் வந்து பங்கு எடுத்துக்கொண்டது. அவ்வளவு இனிப்பு வெளியே கிடக்கிறது, உள்ளே தங்கள் பிள்ளைகளையே தின்கிறதுகள். ராணி முட்டையிடுவதையும் நிறுத்தியிருந்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன, ஆபீஸ்ல ஏதும் பேச்சா?" என்று அம்மா கேட்டாள். "வெயில்" என்றேன். மார்கழி மாதம்.

உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதினால் கோடு போட்ட வரியைக் கேட்பாய். வெல்லத்தைக் கூட்டினேன். அப்புறம் தை பிறந்ததும் ஒரு ஆச்சரியம். ராணிக்குப் பக்கத்தில் மறுபடியும் முட்டை, பிறகு புழு, பிறகு அரிசிப் பொரி மாதிரிக் கூட்டுப்புழுக்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்கில் எல்லாரிடமும் சொன்னேன்: "பனைவெல்லம்வே, பனைவெல்லம். நம்ம பக்கத்துச் சரக்கு. அதுலதான் எந்திரிச்சுது." ரம்பச் சக்கரம் ஓட்டும் மராத்திக்காரன் ஒருவன் தன் பிள்ளைக்கும் கொஞ்சம் பனைவெல்லம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவு தூரம் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை கிடங்கு அறுவை மில்லில் கரண்ட் போய், பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். சாலின் குடித்தன வரிசையில் நம் கதவுக்கு வெளியே தெரியாத பெண் செருப்பு ஒரு ஜோடி. உள்ளே அம்மாவும் எஸ்தரும் எறும்புப் பெட்டிக்கு முன்னால் குந்தி, தலை முட்டுகிற மாதிரிக் குனிந்திருந்தார்கள். அம்மா கையில் காகிதப் பொட்டலம், அதற்குள் முட்டை. நம் வீட்டுக்குள், சாமி படத்துக்கு நேர் எதிரே, உன் அம்மாவின் உள்ளங்கையில். செம்பூரில் எஸ்தர் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் சனிக்கிழமை சீக்கிரம் விட்டதும் பஸ் பிடித்து வந்து, நான் வீடு வருவதற்குள் போய்விடுவாளாம். ஏழு வாரமாக நடக்கிறது. புழு குறைந்ததைப் பார்த்து அம்மாதான் எழுத்துக் கூட்டி அவளுக்குக் கார்டு போட்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது.

எஸ்தர் எழுந்து நின்றுவிட்டாள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"எறும்புக்குத்தான். நாமளா திங்கோம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "பனவெல்லத்துல பொழச்சுதுன்னு பம்பாய் பூரா சொல்லிட்டு அலைஞ்சியளே. இப்பம் போய் அதையும் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

அந்த இடத்தில் ஒரு தகப்பன் ஏதாவது பெரிதாகப் பேச வேண்டும். எனக்கு வந்தது ஒன்றுதான். "மஞ்சக்கருவா, வெள்ளையா?"

"மஞ்சக்கரு" என்றாள் எஸ்தர். "இத்துணூண்டு போதும். அதிகம் வச்சா நாறிப் போயிரும்."

நான் கை கால் கழுவப் போய் குழாயடியில் ரொம்ப நேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இதை உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை. உனக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து விடாமல் படுத்தாயே, மாஹிமில் அந்தக் கோவா டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, பையன் உருகிப் போயிருக்கிறான், தினம் ஒரு முட்டை கொடு என்றாள். வீட்டுக்கு வந்து நீ கேட்டாய், "டாக்டர் சொன்ன முட்டை எப்பப்பா?" என்று. "நமக்கு அது ஆகாதுய்யா, சாமி கோவிச்சுக்கும்" என்றேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் ஒரு முட்டை வாங்கினேன். கைக்குட்டையில் சுற்றி, காலி டிபன் டப்பாவில் வைத்து, உருண்டுவிடக் கூடாதென்று சயான் ஸ்டேஷனிலிருந்து அடி மேல் அடி வைத்து நடந்து வந்தேன். சால் வாசலில் குழாயடியில் நமசிவாயம் அண்ணாச்சி நின்றிருந்தார். "டப்பாவுல என்னவே, இப்படித் தாங்கிட்டு வாரீரு?" என்று சும்மா கேட்டார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று அப்படியே திரும்பி நடந்து, ரோட்டு முனை டீக்கடையில் அந்த முட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடலை கொடுத்தோம், பருப்புத் தண்ணீர் கொடுத்தோம், பால் கொடுத்தோம். பிழைத்துக்கொண்டாய். ஆனால் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போயிற்று. உன்னோடு படித்தவர்கள் மேலே போக, நீ சின்னப் பையன்களோடு உட்கார்ந்தாய். அந்த முட்டை இருந்தால் சீக்கிரம் எழுந்திருப்பாயோ, எழுந்திருக்க மாட்டாயோ, எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாமல் இருக்கலாம். அது எனக்குக் கவலை இல்லை. நான் சாமிக்கு பயந்தவன் என்று நீ இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் குழாயடிக்கு பயந்தவன். எஸ்தர் விஷயத்தில் மூன்று நாள் பேசாமல் இருந்தபோதும் என் மனதில் ஓடினது சாமியும் இல்லை, சைவமும் இல்லை. சங்கத்துப் பொங்கல் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் யார் உட்காருவார்கள் என்பதுதான். இதை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் நீ ஒரு வீடு நடத்தப் போகிறாய், தெரிந்துகொள். கொள்கையால் ஒன்றை மறுக்கிறாயா, பயத்தால் மறுக்கிறாயா என்று உன்னையே கேட்டுக்கொள். இரண்டுக்கும் வெளியே ஒரே முகம்தான் இருக்கும். உள்ளே இருக்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும், அவனும் கொஞ்ச நாளில் மறந்துவிடுவான்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அரை நாள் லீவு கேட்டு நானும் இருந்தேன். முட்டைப் பொட்டலத்தை எஸ்தர் கதவுக்கு வெளியிலேயே பிரிக்கப் போனாள். "உள்ள வா, காத்துல பறந்திரும்" என்றேன். காற்றே இல்லை. முட்டையைவிடப் பூச்சிதான் அதுகளுக்கு இஷ்டம் என்று சொல்லிக் கொடுத்தாள். நான் பெருமையாக நம் அடுக்களையிலேயே ஒரு கரப்பானை அடித்துக்கொண்டு வந்து நீட்டினேன். "ஐயையோ, வேண்டாம்" என்று கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து சாலில் மருந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள் அல்லவா, அந்த மருந்து பட்ட பூச்சியை ஒன்று தின்றால் வாய் மாற்றிக் கொடுத்தே மொத்தக் கூடும் செத்துவிடுமாம். அதனால்தான் கிடங்குக் கரப்பான், அதனால்தான் தீப்பெட்டி, அதனால்தான் நேற்றைய கூத்து. உன் ராணிக்காக நான் பலகைக்கு அடியில் படுப்பதைக் கிடங்கில் இப்போது யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. அவரவர் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

சரி, உன் மூன்று வரிக்குப் பதில். நாங்கள் வருகிறோம். நீ வாசலில் நிற்க வேண்டாம். நேற்று சயானில் இறங்கினபோது, பாலத்துப் படியில் அண்ணாச்சி முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் பாட்டுக்குப் போயிருப்பார். நான்தான் மூச்சு வாங்க எட்டிப் பிடித்தேன். கையில் தீப்பெட்டி வேறு.

"அண்ணாச்சி, வைகாசியில முருகேசனுக்குக் கல்யாணம். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல."

"பொண்ணு எந்த ஊரு?"

"செம்பூர். பூர்வீகம் நம்ம பக்கந்தான். வேதக்காரப் பொண்ணு."

நின்றுவிட்டார். ஜனம் எங்களை இடித்துக்கொண்டு போயிற்று. இத்தனை வருஷம் நான் பயந்த முகத்தை முதல் முறையாக நேரே பார்த்தேன். வியர்த்து, வெற்றிலைக் கறையோடு, முழங்கால் வலியில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவர்.

"சாப்பாடு சைவந்தான?" என்றார்.

"சைவந்தான், அண்ணாச்சி."

"ம். சொல்லிட்டீருல்லா, பாப்போம்" என்று படியேறிப் போய்விட்டார். வருவாரா என்று தெரியாது. பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருந்தாலும் இருக்கலாம். நான் சாப்பிடுவேன்.

வீட்டுக்கு வந்தபோது எஸ்தர் காத்திருந்தாள். கரப்பானைக் கிள்ளி வைத்தோம். உன் கூட்டில் இப்போது கூட்டுப்புழுக்கள் ஒரு கைப்பிடி இருக்கும், ஒன்று எங்கள் கண்ணெதிரே பிரிந்தது. உள்ளே இருந்து வெளுத்த குட்டி எறும்பு வரத் தெரியாமல் தவிக்க, பெரியதுகள் உறையைக் கடித்து இழுத்து விட்டன. அம்மா "தலை வந்துட்டு, தலை வந்துட்டு" என்று பிரசவம் பார்க்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது ஒன்றைக் கவனித்தேன். அம்மாவை எஸ்தர் வாய் நிறைய "அத்தை, அத்தை" என்கிறாள். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க", "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா", "பஞ்சு நனைச்சாச்சா". இத்தனை வாரமாக எனக்கு ஒரு பெயர் இல்லாமலே முழுப் பேச்சும் பேசிவிடுகிறாள். எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் அதற்கு! நான் கொடுத்த இடம் அவ்வளவுதான், அதற்குள் இடிக்காமல் நின்றுகொண்டிருக்கிறாள்.

பஸ் ஸ்டாப் வரை நானும் போனேன். வெயிலுக்குக் குடை அவளிடம்தான் இருந்தது, பாதி எனக்கும் பிடித்தாள்.

"லெட்டர் வந்துச்சா?" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"வந்துச்சு. நாளைக்குப் பதில் போடுதேன்."

என்ன பதில் என்று அவள் கேட்கவில்லை. பாலத்துப் படியில் அண்ணாச்சியிடம் அவ்வளவு சத்தமாகச் சொன்னவன், இவளிடம் அதைச் சொல்லியிருக்கலாம். "கிடங்குல இன்னும் நாலு கரப்பான் இருக்கு" என்றேன். அவளும் சிரிக்காமல் தலையாட்டினாள். செம்பூர் பஸ் வந்தது. ஏறிப் படியில் நின்று திரும்பி, "வரட்டுமா?" என்றாள். அதற்குப் பிறகு ஒரு சொல் வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, உதட்டை மூடிக்கொண்டாள். நான் "ம்" என்று கையை ஆட்டினேன். கண்டக்டர் மணி அடித்துவிட்டான்.

"மாமான்னு சொல்லும்மா." வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அப்பா